நான்காம் கட்டிலின் அரிப்பு

ரேவா ஆற்றங்கரையைப் பிறப்பிடமாகவும் சுவா நகரத்தை இருப்பிடமாகவும் கொண்டு, நாசினு வழித்தடத்தில் முப்பத்தெட்டு ஆண்டுகள் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற திருவாளர் இலைத்தியா ரோகோபுலி அவர்களுக்கு அன்று வயது எழுபத்திரண்டு.

சுவாவின் பெரிய அரசு மருத்துவமனையில் இறுதியாண்டு மாணவர்களின் பரீட்சை நடக்கும்போதெல்லாம் நான்காம் கட்டிலில் படுத்திருப்பவர் அவரே. பத்தொன்பது ஆண்டுகளாக அவரே.

அவருடைய இதயத்தில் ஒரு வால்வு கசிகிறது. அந்த ஓசை மார்பில் தொடங்கி இடது அக்குள் வரை ஓடும். அதுவரை தொடர்ந்து சென்று கேட்பவர் நோயைச் சொல்லிவிடுவார். மார்போடு நின்றுவிடுபவர் கோட்டைவிடுவார்.

நோயாளி வாய் திறந்து நோயின் பெயரைச் சொல்லலாகாது என்பது விதி.

அவர் சொல்லவில்லை. சொறிந்தார்.

அவ்வாண்டுதான் பரீட்சை வார்டின் பொறுப்பை ஏற்ற சிஸ்டர் மிலியாகெரேயின் கண்ணில் அது பட்டுவிட்டது.

வாசெமாதா என்னும் மாணவி, பெரியவரின் தலையருகே கை கொண்டுபோகுமுன் "துலோ" என்று முறைப்படி அனுமதி கேட்டு, கழுத்து நாடியைப் பார்த்தாள். பிறகு ஸ்டெதஸ்கோப்பை மார்பில் வைத்தாள். உடனே இலைத்தியா இடது கையைத் தூக்கி, அக்குளை வறட்டு வறட்டென்று சொறிந்தார்.

அடுத்த மாணவனுக்கும் அதே சொறி. அதற்கடுத்தவனுக்கும் அதே.

பன்னிரண்டாவது ஆளும் வெளியேறியதும் சிஸ்டர் கட்டிலருகே வந்து நின்றார்.

"மாமா, என்ன அது?"

"எதும்மா?"

"அக்குள்ல."

"கொசும்மா. மழைக்காலம் வந்துட்டுதில்ல."

"ஸ்டெதஸ்கோப் மார்ல பட்டதும்தான் கொசு கடிக்குமா? பன்னெண்டு பேருக்கும் ஒரே எடத்துலயா?"

பெரியவர் வெட்கத்தோடு சிரித்தார். "உனக்குக் கண்ணு ரொம்பக் கூர்மை, மகளே. பத்தொம்பது வருஷத்துல நீ ஒருத்திதான் கேட்டிருக்க."

"சிரிக்காதீங்க. இதுக்குப் பேரு பரீட்சையில பிட்டு குடுக்குறது. டாக்டர்கிட்ட சொல்லியே தீருவேன்."

அவர் முகம் வாடிவிட்டது. தேய்த்து மடித்து இடுப்பில் கட்டியிருந்த சுலு வேட்டியை மெல்ல நீவிக்கொண்டார்.

"சொன்னா அடுத்த வருஷம் கூப்பிட மாட்டாங்களேம்மா. வருஷத்துல இந்த ஒரு நாள்தான் எனக்கு டூட்டி."

அவருக்கென்று வைத்திருந்த தேங்காய்ப்பால் மீனும் மரவள்ளிக் கிழங்கும் தொடப்படாமல் ஆறின. சிஸ்டர் அந்தத் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்தார். ஆயினும், நாளை ஊர் ஊராகச் சென்று உயிரைக் காக்க வேண்டியவர்கள் சொறி பார்த்துத் தேறலாமா? அவர் நேரே டாக்டரின் அறைக்குச் சென்றார்.

பரீட்சையை நடத்தும் டாக்டர் ரவினேஷ் கவுண்டர் பரீட்சை வாரத்தில் சிரித்து எவரும் கண்டதில்லை. பெரியவரை வரவழைத்தார்.

"சொறிஞ்சீங்களா?"

"சொறிஞ்சேன் டாக்டர்."

"எத்தனை வருஷமா?"

"வந்த நாள்லேர்ந்து." பெரியவர் நிமிர்ந்து நின்றார். "நான் பஸ் ஓட்டுனவன். வழி தெரியாம முழிக்கிறவனுக்குக் கை காட்டாம எப்படிப் போறது? புள்ளைங்களுக்குக் கை நடுங்குது டாக்டர். மொத வருஷம் ஒரு ஒல்லிப் பையன் வந்தான். நானும் சொறியறேன், சொறியறேன், அவனுக்கு வெளங்கவே இல்ல. பெயிலாகி மாடிப்படியில உக்காந்து அழுதான். என் சாப்பாட்டுல பாதியக் குடுத்தேன். அதுக்கப்புறந்தான் நல்லா அழுத்திச் சொறிய ஆரம்பிச்சேன். இன்னிக்கு இந்த ஊர்ல பாதி டாக்டருங்க என் அக்குளால பாஸானவங்க."

டாக்டர் குனிந்து தம் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போய்ச் சாப்பிடுங்க. முடிவை அப்புறம் சொல்றேன்."

பெரியவர் தயங்கித் தயங்கி வெளியேறினார். சிஸ்டர் கேட்டார்:

"பேரை அடிச்சிடலாமா, டாக்டர்?"

டாக்டர் அன்றைய விடைத்தாள்கள் பன்னிரண்டையும் அவர் பக்கம் நகர்த்தினார். "நான்காம் கட்டில்னு இருக்கிற எடத்தை மட்டும் படிங்க."

சிஸ்டர் படித்தார். எட்டுப் பேர் வால்வுக் கசிவைச் சரியாக எழுதியிருந்தனர். நால்வர் கோட்டைவிட்டிருந்தனர். ஆனால் பன்னிரண்டு தாள்களிலும் கடைசியில் ஒரு வரி தவறாமல் இருந்தது: "இடது அக்குளில் கடுமையான அரிப்பு. களிம்பு தடவவும்." வாசெமாதா மட்டும் கூடுதல் அக்கறையோடு, "சோப்பை மாற்றவும்" என்றும் சேர்த்திருந்தாள்.

"பதினோரு வருஷமா நான் திருத்துறேன், சிஸ்டர். வருஷா வருஷம் இதே களிம்புதான். ஓசையைக் கேட்டவன் தன் காதால கேட்டான். சொறி புரிஞ்சு பாஸானவன் ஒருத்தன்கூடக் கிடையாது. புரிஞ்சிருந்தா களிம்பு எழுதுவானா? இதை மட்டும் தயவுசெஞ்சு அவர்கிட்ட சொல்லிடாதீங்க."

சிஸ்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மொதமொதல்ல இந்தக் களிம்பை எழுதுன புத்திசாலி யாரோ?"

"நான்தான்" என்றார் டாக்டர். "மாடிப்படியில அவர் குடுத்த அந்த மீனோட ருசி இன்னும் நாக்குல இருக்கு."

பிறகு அடுத்த ஆண்டின் பட்டியலை எடுத்து, நான்காம் கட்டிலுக்கு நேரே இலைத்தியா ரோகோபுலி என்று தம் கையாலேயே எழுதி, அடியில் தேதியிட்டார்: 14 நவம்பர் 2019, வியாழக்கிழமை.