அப்பா படித்த கல்லூரி

முதலீட்டு வங்கித் துறை ராஜாக்களின் கோட்டை. அதற்கு வாசல் ஒன்றே ஒன்றுதான், தான் எம்.பி.ஏ. படித்த கல்லூரிதான் அது என்று அப்பா பிரகடனம் செய்தார். ஒரு காலில்தான் சாக்ஸ் இருந்தது, இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தார்.

மகளுக்கு அங்கே இடம் கிடைத்துவிட்டது. அவளோ சுமாரான இன்னொரு கல்லூரியில்தான் சேருவேன் என்று அடம்பிடித்தாள். அப்பாவுக்கு மூக்கு வியர்த்தது.

“அங்க எவன்டி இருக்கான்?”

“யாரும் இல்லப்பா.”

“பின்ன? என் காலேஜ்ல பெரிய பேங்க்காரங்க வாசல்லயே நின்னு ஆள் எடுக்கிறாங்க. நீ சொல்றது எந்த மூலையில இருக்குன்னே அவங்களுக்குத் தெரியாது.”

அம்மா சட்டென்று எழுந்து சமையலறைக்குப் போனாள். இவளும் கூட்டா? அப்பாவின் சந்தேகம் முற்றியது.

“எதையோ மறைக்கிற. உண்மையைச் சொல்லு.”

மகள் பெருமூச்சு விட்டாள். “நீங்க அங்க படிச்சவர்னு இன்டர்வியூல பெருமையா சொல்லிட்டேம்ப்பா. பழைய மாணவரோட பிள்ளை சேர்ந்தா, முதல் நாள் அப்பாவை மேடையேத்தி, கூடப் படிச்சவங்க கையால மாலை போடுவாங்களாம். உங்க கூடப் படிச்சவங்களை இப்பவே தேடுறாங்க. வர்றீங்களா?”

அப்பா குனிந்து மறுபடியும் சாக்ஸைத் தேடத் தொடங்கினார்.

“அந்த இன்னொரு காலேஜும் ஒண்ணும் மோசமில்ல” என்றார்.

அவர் எம்.பி.ஏ.வே படித்ததில்லை.