தையல்காரர் வெட்டாத விமானம்

“கண்ணு பொடனியிலயா இருக்கு மாப்ளே? அது குண்டு போடுற விமானம்!” என்று மொட்டைமாடியில் கத்தினார் தையல்காரர்.

“நீங்க வெட்டுன லட்சணத்துக்கு வௌவால் மாதிரியில்ல இருக்கு மாமா,” என்றான் மைத்துனன்.

பழைய போர் விமானங்களை அட்டையில் வெட்டி வெயிலில் பிடிப்பார் இவர். தரையில் விழும் நிழலைப் பார்த்து அவன் பெயர் சொல்ல வேண்டும். ஞாயிறானால் இதே கூத்து.

தையல்காரர் கோபித்துக்கொண்டு அட்டைகளைப் பெட்டியில் போட்டு மூடினார்.

“கோபத்துலயும் ஆட்டத்தை விடலையே. இது நாலு இஞ்சின்தானே?”

அவன் காலடியில் ஒரு நிழல் கிடந்தது. வானத்தில் ஒன்றுமில்லை, சத்தமும் இல்லை. நிழல் மட்டும் மெல்லப் பெரிதாகிக்கொண்டிருந்தது.

“பல்லைக் காட்டாம இந்தப் பக்கம் வந்துடு மாப்ளே,” என்றார், மூடிய பெட்டியைக் கையில் பிடித்தபடி.

அதன்பிறகு மைத்துனன் கல்யாணம் முடித்து வெளியூர் போய்விட்டான். தையல்காரரும் வீடு மாறிவிட்டார். அந்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவள்தான் புலம்புகிறாள்: மாடியில் விரிக்கும் போர்வையில் இறக்கை வடிவத்துக்கு ஈரம் காய்வதில்லையாம். முன்பு ஒரு போர்வைக்குள் அடங்கியதாம், இப்போது மூன்று போதவில்லையாம்.