பின்தட்டுத் தண்ணீர்

சத்தம் காட்டாமல், குஞ்சு பொரிக்கிற இன்குபேட்டர் பெட்டியின் மூடியைத் தூக்கினாள் அழகி. உள்ளே வரிசையாகக் கிடந்த காடை முட்டைகளில் ஒன்றுகூட அசையாமல், பின்னால் இருந்த தண்ணீர்த் தட்டை அத்தனை பதமாக வெளியே எடுத்தாள். பார்க்கிறவர்கள் முட்டைகளுக்கு அவள்தான் சொந்தக்காரி என்று நினைப்பார்கள்.

தட்டைக் கொண்டுபோய்ச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

முன்தட்டில் அவள் கைவைக்கவில்லை. கண்ணாடி வழியாக வெளியே தெரிவது அதுதான். அது நிறைந்திருந்தால், முட்டைகளை வைத்திருக்கும் ஓரகத்தி பாண்டீஸ்வரிக்குச் சந்தேகம் வராது. மூடியை மறுபடி பொருத்தியபோது, பெட்டியின் மேல் எண்பது என்று சிவப்பாக எரிந்துகொண்டிருந்த எண் இறங்கத் தொடங்கியிருந்தது. அது என்ன எழவோ, அழகிக்கு அதைப் பற்றி அக்கறையில்லை.

அவளுக்கு அக்கறையெல்லாம் அந்த அறையின் மேல்தான். மகள் சௌபர்ணிகாவுக்குப் பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை. டிவி அலறுகிற கூடத்தில் காதைப் பொத்திக்கொண்டு படிக்கிறாள். வீட்டில் இருக்கிற ஒரே தனி அறையில் காடை முட்டை சொகுசாகப் படுத்திருந்தால் பெற்றவளுக்கு வயிறு எரியாதா?

போன ஈட்டில் வைத்த முட்டைகள் மொத்தமும் பாழாகிப் போயிருந்தன. உடைத்துப் பார்த்தால் குஞ்சுகள் முட்டைக்குள்ளேயே சொதசொதவென்று செத்துக் கிடந்தன. மாமனார் தண்டாயுதபாணி அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"அடுத்த ஈடும் பொரிக்கலைன்னா பெட்டியத் தூக்கிரணும். ரூமு எம் பேத்திக்கு."

மறுநாள் காலை, செக்காலை ரோட்டு ஜவுளிக்கடை வேலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் பாண்டீஸ்வரி இரண்டு தட்டிலும் ததும்பத் ததும்ப ஊற்றினாள். வாசற்படியில் நின்று பார்த்த அழகிக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"எத்தனை கொடம் ஊத்துனாலும் பொரிக்கிறதுதான் பொரிக்கும்டி."

"உங்க கண்ணு படாம இருந்தாலே பொரிச்சிரும்க்கா. கொஞ்சம் அங்குட்டுப் போறீகளா?"

"போறேன், போறேன். பெறகு நாறுனா கழுவிவிட நாந்தான வரணும்!"

பாண்டீஸ்வரி தெருமுனை தாண்டியதும் பின்தட்டு காலியானது. தண்ணீர் வற்றினால் முட்டை பொரிக்காது என்பது அழகியின் கணக்கு. தினமும் இதே கதைதான். கடைசி மூன்று நாள் பெட்டியைத் திறக்கவே கூடாதாம். தட்டுகளை நிரப்பி, அறையைப் பூட்டி, சாவியைக் கையோடு கொண்டுபோய்விட்டாள் பாண்டீஸ்வரி. பூட்டட்டும், நடக்க வேண்டியதெல்லாம் நடந்தாகிவிட்டது என்று அழகி உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். மகளுக்கு மேசையை எந்தப் பக்கம் போடுவது என்பதுவரை யோசித்து வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அறைக்குள்ளிருந்து கீச்கீச்சென்று சத்தம் கேட்டது. பூட்டைத் திறந்தால், பெட்டி கொள்ளாமல் காடைக் குஞ்சுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருந்தன. அழகியும் வாசற்படியில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"ரூமு இனி ஒனக்குத்தான் தாயி," என்றார் தண்டாயுதபாணி, சின்ன மருமகளிடம். "ஆமா, போன தடவ என்னதான் கோளாறு?"

"தண்ணி கூடிப்போச்சு மாமா. கடைசி நாள்லதான் ஈரம் நிறைய வேணுமாம். நான் ஆரம்பத்துலயே நிறைச்சு ஊத்தி, குஞ்சு உள்ளுக்குள்ளயே முங்கிச் செத்துருக்கு."

"இந்தத் தடவையும் நிறைச்சுத்தானம்மா ஊத்துன? நானே பாத்தேனே!"

"ஆமா மாமா. ஆனா காலையில எம்பது காட்டுற ஈர மீட்டரு, சாயந்தரம் நான் வந்து பாத்தா அம்பதுல நிக்கும், பின்தட்டு காலியாக் கெடக்கும். என்னன்னு பெட்டி வித்தவருகிட்டக் கேட்டேன். அம்பதுதான் சரி, அப்படியே விட்ருன்னாரு. விட்டுட்டேன்."

"அப்ப ஈரத்தைக் குறைச்சது யாரு?"

பாண்டீஸ்வரி மெல்லத் திரும்பி, அழகியின் முகத்தையே பார்த்தாள்.

"அக்காதான் மாமா, தினமும் தவறாமக் கொட்டிவிட்டாக."