பீரோவுக்குள் நுரையீரல்

கேளுங்கள் கண்ணுகளா, வயிற்றெரிச்சலோடுதான் சொல்கிறேன்.

மூச்சுப் பாடத்துக்காக அறிவியல் டீச்சர் ஒரு நுரையீரல் செய்தாள். அடி வெட்டிய பாட்டிலுக்குள் இரண்டு பலூன், அடியில் இழுத்துக் கட்டிய ரப்பர். ரப்பரை இழுத்தால் பலூன்கள் விரியும், விட்டால் சுருங்கும். ‘பிள்ளைகள் தாங்களே இழுத்துப் பார்ப்பார்கள்’ என்று பாடத்திட்டத்தில் எழுதியிருந்தாள்.

தலைமையாசிரியர் அதை வாங்கித் தன் அறைக் கண்ணாடி பீரோவில் வைத்துப் பூட்டினார்.

“அதிகாரி வந்து பாக்குற வரைக்கும் யாரும் தொடக்கூடாதும்மா.”

“தொடாம எப்படி சார் புரியும்?”

“புரிஞ்சுதுன்னு எழுதிடுங்க. பேப்பர் என்ன, வாயத் தொறந்து சொல்லவா போகுது?”

டீச்சர் வெறுங்கையோடு வகுப்புக்குப் போனாள்.

“நுரையீரல் எங்க டீச்சர்?”

“பீரோ படிச்சுக்கிட்டிருக்கு. நீங்க மூச்ச இழுங்க... விடுங்க.”

பிள்ளைகள் இழுத்தார்கள், விட்டார்கள்.

பக்கத்து அறையில், பூட்டிய பீரோவுக்குள் பலூன்கள் விரிந்து சுருங்கின. கண்ணாடியில் ஆவி படர்ந்தது. தலைமையாசிரியர் கைக்குட்டையால் துடைத்தார். போகவில்லை, ஆவி உள்பக்கம் இருந்தது.

“நல்லா இழுத்து, இப்ப அடக்குங்க” என்றாள் டீச்சர்.

விரிந்த பலூன்கள் அப்படியே நின்றன. தலைமையாசிரியர் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றினார். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

வகுப்பு வாசலுக்கு வந்தபோது மூச்சு முட்டி அவர் முகம் கறுத்திருந்தது. வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. பீரோ சாவியை நீட்டினார்.

பிள்ளைகள் கன்னம் உப்ப டீச்சரையே பார்த்தார்கள்.

டீச்சர் சாவியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். ‘விடுங்க’ என்று சொல்ல அவளுக்கு அவசரமில்லை.