சிவப்புப் பொட்டு வைத்த மைக்

அவர் மைக்கை இரண்டு விரலால் தட்டினார்.

டொக். டொக்.

பாட்டு நின்றது. சபை மொத்தமும் திரும்பி அவளைப் பார்த்தது.

அவள் எழுந்திருக்கவில்லை. மேடை ஓரத்தில், சத்தத்தை ஏற்றி இறக்கும் மிக்சருக்குப் பின்னால், மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருந்தாள்.

திருச்சியிலிருந்து காரைக்குடி வரை பஸ்ஸிலும் அந்தப் பெட்டி மடியை விட்டு இறங்கவில்லை. கண்டக்டர் பின்னால் டிக்கியில் போடச் சொன்னார். உங்கள் பிள்ளையை டிக்கியில் போடுவீர்களா என்று கேட்க வாய் வரை வந்தது. நல்லவேளை, கேட்கவில்லை.

சின்னப் பெட்டிதான். டிபன் பாக்ஸைவிடக் கொஞ்சம் பெரிசு. மாடியிலிருந்து விழுந்தாலும் உள்ளே இருப்பதற்கு ஒன்றும் ஆகாது. உள்ளே ஸ்பாஞ்ச். அதில் அவளே பிளேடால் வெட்டிய இரண்டு குழி. குழிக்கு ஒரு மைக். இரண்டும் ஒரே ஜோடி. அடையாளத்துக்காக ஒன்றில் மட்டும் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு. ஈரம் அண்டாமலிருக்க, செருப்பு டப்பாவில் வந்த சின்னப் பொட்டலத்தை ஓரத்தில் செருகியிருந்தாள்.

பொட்டு வைத்தது பாடகர் சாரநாதனுக்கு. அதைத்தான் இப்போது தட்டுகிறார்.

மற்றது, பக்கத்தில் வயலின் வாசிக்கும் அபயாம்பிகைக்கு.

ஏழு வருஷமாக அவள்தான் அவருக்கு மைக் வைக்கிறாள். மேலே போகும்போது அவர் குரல் பிசிறும். எந்தப் பாட்டில் எந்த இடத்தில் என்பது அவளுக்கு மனப்பாடம். அந்த இடம் வருவதற்கு முன்னால் சத்தத்தை ஒரு மயிரிழை இறக்குவாள். ஜனங்களுக்கு ஒன்றும் தெரியாது. கச்சேரி முடிந்து அவர் மாலையோடு போவார்.

அதற்கு அவர் செய்த மரியாதை போன வருஷம் இதே மேடையில் நடந்தது.

"பொட்டிய மட்டும் பவுசா தூக்கிண்டு வந்தா ஆச்சா? உள்ளே இருக்கறது வேலை செய்ய வேண்டாமோ?"

மைக்கிலேயே கேட்டார். அத்தனை பேரும் சிரித்தார்கள். அவள் பெட்டியைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

அதோடு நாலு சபாக்காரர்கள் அவளைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். மிச்சம் இருப்பது இந்த ஒன்றுதான். சபா செயலாளர் வைரவன் இன்று வாசலிலேயே சொல்லிவிட்டார். சாரநாதன் வாயிலிருந்து இன்னொரு குறை வந்தால் அடுத்த கச்சேரிக்கு வேறு ஆள்.

விட்டுத் தள்ளு என்றார் வீட்டுக்காரர்.

விட்டுத் தள்ளுவதாவது! ஒரு வருஷமாக எரிகிற வயிறு அவளுடையது.

இன்று அந்த இடம் வந்தபோது அவள் கை மிக்சரில் இல்லை. பெட்டியின் மேல் இருந்தது.

குரல் பிசிறியது. உள்ளது உள்ளபடி கேட்டது. முன்வரிசையில் தாளம் போட்டுக்கொண்டிருந்த ஒரு கை தொடைமேல் அப்படியே நின்றுவிட்டது.

அதனால்தான் அந்த டொக், டொக்.

"இந்த மைக் சரியில்லே" என்றார். அதே மைக்கில்தான்.

வைரவன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அவள் சத்தத்தை அணைத்தாள். பெட்டியோடு மேடைக்கு நடுவே போனாள். இதற்கு முன்பெல்லாம் ஓடுவாள். இன்று நடந்தாள்.

அவர் முன்னால் இருந்த மைக்கைக் கழற்றிக் குழியில் வைத்தாள். அபயாம்பிகையின் மைக்கைக் கழற்றி அவருக்கு மாட்டினாள். ஒரு மணி நேரமாக வயலினை அத்தனை இனிமையாகக் கொடுத்த மைக். அப்புறம் பெட்டியிலிருந்து சிவப்புப் பொட்டை எடுத்து, பொட்டு சபையைப் பார்க்கும்படி அபயாம்பிகையின் முன்னால் வைத்தாள்.

அவர் அதைக் கவனிக்கவில்லை. மைக் மாறியது, அவ்வளவுதான் அவருக்கு. தலையை ஆட்டிக்கொண்டார்.

அபயாம்பிகை கவனித்தாள். முந்தாதே, பின்னாடியே வா என்று போன மாதம் மேடையில் அவர் அதட்டியது அவளைத்தான். வில்லை ஒருமுறை துடைத்துக்கொண்டாள்.

மிக்சருக்குத் திரும்பிவந்து அவள் சத்தத்தை ஏற்றினாள்.

அதே வரி. அவர் மேலே போனார்.

அதே இடத்தில் பிசிறியது. நல்ல மைக்கில்.

அவர் பாடியதை வயலின் திருப்பி வாசிக்க வேண்டும். அது கச்சேரி முறை.

அபயாம்பிகை வாசித்தாள். அதே வரி, அதே உயரம். அவர் தடுக்கிய இடத்தில் ஏறி, கொஞ்சம் நின்று, சாவகாசமாக இறங்கினாள். ஒரு கீறல் இல்லை. அதுவும் சரியில்லாத மைக்கில்.

முதலில் ஒருத்தர் இருமினார். அப்புறம் எங்கேயோ ஒரு சிரிப்பு. பிறகு கைதட்டல், வயலினுக்கு.

அவருடைய இரண்டு விரலும் மைக்கை நோக்கிப் போய்ப் பாதியில் நின்றன.

அவள் மறுபடியும் மேடை நடுவே வந்தாள். பெட்டியைத் திறந்து அவர் முன்னால் நீட்டினாள். இரண்டு குழியும் காலி.

"ரெண்டையும் எடுத்து உள்ள வெச்சிரட்டுங்களா ஐயா? சும்மாவே பாடுறீங்களா?"

மெதுவாகத்தான் கேட்டாள். ஆனால் மைக் பக்கத்தில் இருந்ததே.

சிரிப்பு நின்றது. எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள்.

அவர் அங்கவஸ்திரத்தால் முகத்தைத் துடைத்தார். வைரவனைத் தேடினார். வைரவன் எழுந்து நின்றிருந்தார். அவர் பார்வை அவள்மேல் இல்லை. பாடகர் மேல்தான் இருந்தது.

அவள் பெட்டியை நீட்டியபடியே நின்றாள். போன வருஷம் எவ்வளவு நேரம் நின்றாளோ அவ்வளவு நேரம்.

கடைசியில் அவர் குனிந்தார்.

"மைக்... நன்னாத்தான் இருக்கு."

கடைசி வரிசை வரைக்கும் தெளிவாகக் கேட்டது.