சூறை போன வழி

அந்தக் குளிரூட்டிய அறையில் இருந்தவர்கள் மூன்று பேர்: ஓய்வுபெற்ற அண்டர் செக்ரட்டரி தட்சிணாமூர்த்தி, அவர் மனைவி ராஜலக்ஷ்மி, அங்கே வானிலை ஆராய்ச்சி செய்யும் அவளுடைய அண்ணன் மகன் சேஷு. அலமாரி அலமாரியாக நின்ற கம்ப்யூட்டர் உறுமிக்கொண்டிருந்தது.

மூன்று வாரத்துக்கு முன் டில்லியைப் புரட்டிப் போட்ட சூறைக்காற்று எந்த வழியாகப் போனது என்று அது கணக்குப் போட்டு, மறுபடி ஓட்டிக் காட்டியது. அன்றுதான் தட்சிணாமூர்த்தியின் பெண் வத்சலா, யமுனையைப் படகில் தாண்டி சிநேகிதி வீட்டுக்குப் போகிறேன் என்று கிளம்பினாள். திரும்பவில்லை. சூறை படகுத்துறையைத் தொட்டிருந்தால் படகு தப்பியிருக்காது.

"துறைக்கு வந்துடுத்தா?" தட்சிணாமூர்த்தி கைத்தடியை இறுக்கிப் பிடித்தார்.

"இன்னும் வரலை அத்திம்பேர்."

பிரிண்டர் கக்கிய தாளில் சேஷு சிவப்புப் பென்சிலால் கோடு இழுத்துக்கொண்டே வந்தான். ராஜலக்ஷ்மி அந்தப் பக்கம் பார்க்கவே இல்லை. இந்த மூன்று வாரத்தில் அவள் ஒரு சாமிக்கும் நேர்ந்துகொள்ளவில்லை. மனசு மரத்துவிட்டது போலும் என்று அவர் நினைத்திருந்தார்.

கோடு சட்டென்று வளைந்தது.

"ரெண்டு மைல் வடக்கே போயிடுத்து, துறையைத் தொடவே இல்லை," என்றான் சேஷு, முகம் மலர. "வத்சலா எங்கேயோ பத்திரமா இருக்கா."

தட்சிணாமூர்த்தியின் முகம் வெளுத்தது. "இன்னொரு தரம் ஓட்டு. காத்தைக் கொஞ்சம் தெற்கே தள்ளு."

"தள்ளினா அது அன்னிக்கு அடிச்ச காத்து இல்லையே அத்திம்பேர்."

"ஜனக்புரி பூரா என்ன பேசறான்னு தெரியுமோ உனக்கு? பஞ்சாபிப் பையனோட ஓடிட்டாளாம். என் பொண்ணு." நிமிர்ந்தே பழகிய முதுகு கொஞ்சம் வளைந்தது. "ஆத்தோட போயிருந்தாத் தேவலைடா."

சேஷு பென்சிலைக் கீழே வைத்தான்.

"உன் மெஷின் சொல்லாட்டா நானே சொல்லிக்கறேன். நாளைக்கே சாஸ்திரிகளைக் கூப்பிட்டுக் காரியத்தைப் பண்ணிடறேன். அப்புறம் எவன் ஓடிப்போனாள்னு சொல்றான், பார்க்கறேன்."

ராஜலக்ஷ்மி தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"அவ ஓடிப்போகலை. அவா ரெண்டு பேரையும் நான்தான் ரயிலேத்தி விட்டேன்."