சாக்குக்குள் லாந்தர்

நுணாவில் தாண்டியதும் மழை இறங்குகிறது. காரின் வெளிச்சத்துக்குள் திரளி மீன்கள் நீந்திப் போகின்றன. நம்பாதவர்கள் நம்பவேண்டாம், நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். என் பக்கத்தில் பெறாமகள் பராசக்தி பிள்ளைவலியில் பல்லைக் கடிக்கிறாள். பிள்ளை பிறக்கமுன் சாவகச்சேரி ஆசுப்பத்திரியைப் பிடிக்கவேண்டும். "பெரிய வெளிச்சத்தைப் போடு அண்ணை, ஒண்டும் தெரியேல்லை" என்று முன்னால் இருக்கும் அவள் புருசன் அழாக்குறையாகக் கெஞ்சுகிறான். சாரதி கனிசியஸ் பெரிய வெளிச்சத்தைப் போடுகிறான். கார் மூக்குக்கு முன்னால் வெள்ளைச் சுவர் ஒன்று எழுந்து நிற்கிறது. "பாத்தியே தம்பி, இப்ப மழைதான் தெரியுது, றோட்டைக் காணேல்லை." வெளிச்சத்தைத் தணித்து, காரையும் மாட்டு நடைக்குக் கொண்டுவருகிறான். சுவர் கரைந்த இடத்தில், எட்டித் தொடும் தூரத்தில், வைக்கோல் வண்டில் ஒன்று! பிறேக் அலறுகிறது. கார் வைக்கோலை முகர்ந்துகொண்டு நிற்கிறது. "எடேய், லாந்தர் எங்கை?" என்று கனிசியஸ் கத்துகிறான். சாக்குப் போர்வைக்குள் நெஞ்சோடு அணைத்திருந்த லாந்தரை வண்டிற்காரன் எடுத்துக் காட்டுகிறான். "நனைஞ்சு நூந்திடும் எண்டு உள்ளுக்கை வைச்சிருக்கிறன்." "அப்ப உன்னைக் காண நாங்களும் சாக்குக்கை வரோணுமோ?" பராசக்தி சிரிக்கத் தொடங்கி முனகலில் முடிக்கிறாள். அந்த முனகல் வண்டிற்காரனுக்குக் கேட்கிறது. மாடுகளை றோட்டுக் கரைக்கு இழுக்கிறான். லாந்தரை வண்டிலின் பின்னால் கட்டுகிறான். தன் தலையிலிருந்த பனையோலைத் தொப்பியைக் கழற்றி அதன்மேல் கவிழ்க்கிறான். "கெதியாப் போங்கோ. பிள்ளை கவனம்." கார் மெல்ல விலகிப் போகிறது. திரும்பிப் பார்க்கிறேன். தலை நனைய நனைய நிற்கிறான் அவன். ஓலைக்குக் கீழே லாந்தர் நூராமல் எரிகிறது, என் திரளி மீன்கள் அதைச் சுற்றி வருகின்றன.